நீலத் தோடு போட்ட ஆடுகள்

என் தகரப் பெட்டியில் ஓர் இரும்புச் சீப்பு இருக்கிறது. தலை சீவுகிற சீப்பு அல்ல, ஆட்டு மயிர் சீவுகிற சீப்பு. மரப்பிடி. பற்களின் நுனி சற்றே வளைந்திருக்கும். ஒரு பல் பாதியில் முறிந்தது. பல வருடங்களாக அந்தப் பற்களுக்கு நடுவே கொஞ்சம் வெள்ளை மயிர் சிக்கியே இருந்தது, ஊதினால் பறந்துவிடும் போல. நான் அதை எடுக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இந்த வருடம் மாசி மாதத்திலிருந்து அந்த மயிர் அதில் இல்லை. அது எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல் பக்கத்துக் கொழுந்து மடுவம் ரொம்ப நாள் சும்மா கிடந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தைக் கீழே ரோட்டோரமாக மாற்றிவிட்டார்கள். ஒரு நாள் அந்த மடுவத்துக்குச் சுற்றிக் கம்பி அடித்து, பலகைத் தட்டுப் போட்டு, பன்னிரண்டு ஆடுகளைக் கொண்டு வந்து இறக்கினார்கள். நம் ஊர் ஆடு மாதிரி இல்லை. மேல்மயிர் முரடாக நீளமாகத் தொங்கும். அதை விலக்கிப் பார்த்தால் அடியில் இன்னொரு மயிர், பூனைக்குட்டியின் வயிறு போல. அந்த அடிமயிரைத்தான் சீவி எடுத்து நூலாக்கி வெளிநாட்டில் சால்வை நெய்வார்களாம். தொட்டுப் பார்த்த அன்று என் உள்ளங்கைக்கே கூச்சமாக இருந்தது. தேங்காய் நாரும் சாக்கும் தொட்டுப் பழகின கை.

ஆடுகளோடு வந்தவர்தான் மிஸ். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். கண்டிப் பக்கம் பெரிய படிப்புப் படித்தவர். அப்போது முப்பது வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, காலில் முழங்கால் வரைக்கும் கறுப்பு பூட்ஸ், கையில் எப்போதும் அளவு எழுதுகிற ஒரு கொப்பி. நான் இருபத்தாறு வருடம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். தாய்மார் காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "பிள்ளைங்க பீயும் மூத்திரமும் அள்ளினவங்க, ஆட்டுப் புழுக்கை அள்ள மாட்டாங்களா?" என்று வாச்சர்தான் என் பேரைச் சொல்லிவிட்டார். அவர் மடுவத்துக் காவல்காரர். தலையில் ஒரு மயிர் கிடையாது, வாயில் ஒரு பூட்டு கிடையாது. எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி மிஸ்ஸும் என்னை ஆயம்மா என்றே கூப்பிட்டார். நான் பதில் சொல்லாமல் சிரித்தாலே போதும் என்று முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டார்.

மிஸ் என்ன செய்யப் பார்த்தார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவரேதான். கரிசலாங்கண்ணியும் பச்சைக் கொழுந்தும் கூடை கூடையாகப் பறித்துக் காய வைத்து, ஸ்பிரிட்டில் ஊற வைத்து, வடித்து, அதில் இருக்கிற சத்தை மட்டும் பிரித்து எண்ணெயில் கலப்பார். பச்சையும் கறுப்பும் சேர்ந்த நிறம். வாடின கொழுந்து வாசனை. அதை ஆட்டின் தோலில் தேய்த்தால் அடிமயிர் நிறைய வளருமா என்று பார்ப்பதுதான் வேலை. "மயிர்க்கால் ஒவ்வொண்ணுக்குள்ளயும் குருத்து மாதிரி ஒண்ணு இருக்கு ஆயம்மா. முக்கால்வாசி நேரம் அது தூங்கிக்கிட்டே இருக்கும். அது எழும்பினாத்தான் புது மயிர் வரும். கவ்வாத்து வெட்டின தேயிலைல கொஞ்ச நாள் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் திடீர்னு அரும்பு கண்ணைத் திறக்கும் பாருங்க, அந்த மாதிரி. எழுப்பிவிடுற சாமான் இந்தச் செடியில இருக்குன்னு நான் நினைக்கிறேன்." ஒரு நாள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆட்டின் தோலில் கடுகளவு எடுத்துச் சீவி வைத்திருந்தார். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. அப்புறம் குறுக்கே வெட்டின வெங்காயம் மாதிரி வட்டம் வட்டமாக என்னவோ தெரிந்தது. "ஓரத்துல இருக்கிறது தெரியுதா? அதான் தூங்குது," என்றார், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் காட்டுகிற குரலில். எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவர் சொன்னால் எதையும் செய்வேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆறு ஆடுகளுக்குக் காதில் மஞ்சள் தோடு, ஆறுக்கு நீலத் தோடு. எல்லாவற்றுக்கும் விலாவில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மயிரை ஒட்டச் சிரைத்தார். மஞ்சளுக்கு மருந்து எண்ணெய், நீலத்துக்கு வெறும் தேங்காயெண்ணெய். "நீலத்துக்கு மருந்து படவே கூடாது ஆயம்மா. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டுத்தான் நீலத்தைத் தொடணும்." ஏன் என்றும் சொன்னார். குளிர் காலத்தில் அடிமயிர் தானாகவே கொஞ்சம் வளருமாம். வளர்ந்தது மருந்தாலா குளிராலா என்று தெரிய, மருந்து படாத ஆடு பக்கத்தில் இருக்க வேண்டுமாம். நான் தலையாட்டினேன். பாதிதான் விளங்கியது. மறுபடி கேட்க வெட்கம். வாச்சர்தான் தன் மொட்டைத் தலையைக் குனிந்து காட்டினார். "மிஸ், எனக்கும் ஒரு மஞ்சத் தோடு குத்துங்க. நாலு மயிராச்சும் மொளைக்கட்டும், பொண்டாட்டி சந்தோசப்படுவா." மிஸ் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே, "உங்களுக்கு அது தூங்கல வாச்சரய்யா, செத்துப் போச்சு. செத்ததை எழுப்புற மருந்து என்கிட்ட இல்ல," என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த மடுவத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

மிஸ்ஸுக்கு அவை இலக்கங்கள். எனக்கு அப்படி முடியவில்லை. இலக்கம் போட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஓயாமல் கத்திக்கொண்டே இருந்த நீலத் தோட்டுக்காரிக்குப் பேச்சி என்று பேர் வைத்தேன். அவள் எல்லாவற்றிலும் மெலிந்தவள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மடுவத்துக்குள் மூடுபனி ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போகும். சிரைத்த இடத்தில் தோல் சிலிர்த்துப் புள்ளி புள்ளியாக நிற்க, பேச்சி என் பாவாடையில் விலாவை ஒட்டிக்கொண்டு நிற்பாள். இரண்டாவது வாரக் கடைசியில் மிஸ் அடிக்கோலை வைத்து அளந்துவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாக என்னைப் பார்த்தார். "மஞ்சள் முந்துது ஆயம்மா! பாருங்க, தடவிப் பாருங்க." நான் தடவினேன். உண்மைதான். மஞ்சளுக்குப் பஞ்சு விட்டிருந்தது, நீலம் வெறும் தோலாக இருந்தது. மிஸ்ஸுக்கு அது சந்தோசம். எனக்கு நீலத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இதுதான் நடந்தது, வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

பிள்ளை மடுவத்தில் ஒரு சட்டம் இருந்தது. பேர் பதிந்து வேலை செய்கிற தாயின் பிள்ளைக்கு மட்டும்தான் பால். கைக்காசுக்கு வந்து போகிற பெண்களின் பிள்ளைகளைப் படுக்க வைக்கலாம், பால் கொடுக்கக் கூடாது. பால் கரைத்து ஊற்றிய பிறகு சட்டியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். நான் ஒரு நாளும் கொட்டியதில்லை. ஒரு பிள்ளை குடிக்க, பக்கத்துப் பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியாது. வழித்து வழித்து ஆளுக்கொரு மிடறாவது கொடுத்துவிடுவேன். இருபத்தாறு வருடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் "படவே கூடாது" என்று மிஸ் சொன்னதும் அதே மாதிரி ஒரு சட்டம் என்றுதான் என் மனது எடுத்துக்கொண்டது. மேலிடத்தார் சொல்லுகிறார்கள், மிஸ்ஸும் பாவம் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று.

மிஸ் வாரத்தில் மூன்று நாள்தான் பதுளையிலிருந்து வருவார். மற்ற நாட்களுக்கான மருந்தை ஆட்டுக்கொரு சின்னக் கோப்பையாக ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போவார். கை தவறினாலும் குறையக் கூடாது என்று அளவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். திறந்தது மறுநாளைக்கு உதவாது, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள் என்பார். நான் கொட்டவில்லை. மஞ்சளுக்குக் குறையில்லாமல் தேய்த்துவிட்டு, ஆறு கோப்பையிலும் அடியில் நின்றதை ஒன்றாகச் சேர்த்து, முதலில் பேச்சிக்குத் தேய்த்தேன். அவள் அன்று கத்தவில்லை. பிறகு ஒருத்திக்கு மட்டும் செய்வது அநியாயம் என்று ஆறு நீலத்துக்கும் தேய்த்தேன். அதன் பிறகு மிஸ் வராத நாட்களிலெல்லாம் தேய்த்தேன். தை மாதம் வரைக்கும் தேய்த்தேன். நீலத்துக்கும் பஞ்சு விட்டது. எனக்கு மனது நிறைந்தது. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவவும் தவறவில்லை, மிஸ் சொல்லியிருந்தாரே.

மிஸ்ஸின் முகம் அந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டதை நான் கண்டேன். காரணம் வீட்டுப் பிரச்சினை என்று நினைத்தேன். ஊரில் ஒரு வரன் வந்திருந்தது, இந்த வேலை முடியட்டும் என்று இவர் தள்ளி வைத்திருந்தது எனக்குத் தெரியும். கடைசி அளவு எடுத்த அன்று ஆடுகளைக் கொண்டு வந்து இறக்கின கம்பெனிக்காரர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். நான் கூச்சத்தில் புல் போடுகிற அறைக்குள் ஒளிந்துகொண்டேன். பலகைச் சந்தால் எல்லாம் கேட்டது. மருந்து வேலை செய்யவில்லை, வளர்ந்ததெல்லாம் குளிரில் வளர்ந்தது, இதை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். மிஸ், முதல் இரண்டு வாரம் வித்தியாசம் தெரிந்தது, இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன் என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது. ஜீப் போகிற சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்தபோது மிஸ் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொப்பி மடியில் இருந்தது. "நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல ஆயம்மா. ரெண்டும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கு. அப்ப என் மருந்து வெறும் தண்ணி." அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடி விழுந்த மாதிரி என்று சொல்வார்கள், அப்படி இல்லை. குளிர்ந்த தண்ணீர் கால் வழியாக மெல்ல ஏறி நெஞ்சு வரைக்கும் வருமே, அப்படி. மிஸ் என் முகத்தைப் பார்த்தார். "ஆயம்மா, ஒண்ணு கேக்கிறேன், கோவிக்காதீங்க. தவறிப்போய்கூட நீலத்துக்கு மருந்து பட்டுச்சா?" வாச்சர் கம்பி வேலியோரம் நின்றிருந்தார். பேச்சி என் கையை நக்கிக்கொண்டிருந்தாள். "இல்ல மிஸ்," என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை சீக்கிரமாக, தெளிவாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. மிஸ் என் தோளைத் தொட்டார். "எனக்குத் தெரியும். நீங்க அப்படிச் செய்யமாட்டீங்க. மன்னிச்சுக்கங்க."

அடுத்த வாரம் லுணுகலைப் பக்கமிருந்து லொறி வந்தது. எதற்கென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. லொறியில் இறைச்சிக்கடைத் தராசு இருந்தது, அது போதும். அன்று காலையில் எல்லாவற்றையும் ஒரு தடவை சீவிவிட்டேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குச் சீவுகிற மாதிரி. கடைசியாகப் பேச்சியை, சிரைத்து வளர்ந்த விலாவில், சீவினேன். சீப்பைச் சுத்தம் பண்ண நேரமில்லை. மழையில் பன்னிரண்டும் பலகையில் ஏறின. நனைந்தால் மயிர் கனக்கும். ஏற முடியாமல் பேச்சி திரும்பிப் பார்த்தாள், ஒருவர் பின்னால் தள்ளினார். மிஸ் சீப்பை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "வச்சுக்கங்க ஆயம்மா. இனி யாருக்குத் தேவை." பஸ் ஏற ரோட்டுக்கு இறங்கிப் போனார். பூட்ஸ் தடம் சேற்றில் கொஞ்ச நேரம் இருந்தது.

அதன் பிறகு எத்தனையோ வருடம். மடுவத்தை இடித்து, பக்கத்து ஊரான எல்லவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கிப் போகிற மர வீடு கட்டிவிட்டார்கள். அந்தப் பாதையால் போகும்போது நான் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொள்வேன். யார் பார்க்கிறார்கள் என்று இழுப்பேனோ தெரியாது. போன தை மாதம் வாச்சர் படுக்கையில் விழுந்தார். கஞ்சி கொண்டு போனேன். லயத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், என் பக்கம் திரும்பினார். "ஆயம்மா, நீங்க நீலத்துக்கும் தேச்சதை நான் பாத்தேன். அன்னைக்கு மிஸ் கேட்டப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்." ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "அது நீங்க சொல்ல வேண்டியது. இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குத் தலைதான் மொட்டை, கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு." அந்த நேரத்திலும் சிரிக்கப் பார்த்தார், இருமல் விடவில்லை. "அந்தப் பிள்ளை கல்யாணமும் முடிக்கல. பதுளையில அண்ணன் கடையில துணி வெட்டுதாம். போய்ச் சொல்லிடுங்க." நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

கருமாதிக்கு வேட்டி வாங்க என்று சொல்லிக்கொண்டு மாசியில் பதுளைக்குப் போனேன். சீப்பைத் துணியோடு பைக்குள் வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற அந்தக் கடையைத் தாண்டி இரண்டு தடவை போய் வந்தேன். மூன்றாவது தடவை, உள்ளேயிருந்தே குரல் வந்தது. "வெயில்ல நிக்காம உள்ள வாங்கம்மா, என்ன பாக்கிறீங்க?" மூக்குக் கண்ணாடி, கழுத்தில் அளவெடுக்கிற டேப், முக்காட்டு ஓரத்தில் நரை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "யா அல்லாஹ், ஆயம்மாவா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூல் போட்டார். டீ எடுக்க ஆள் அனுப்பினார். அந்தச் சந்தோசத்தைப் பார்த்தபோது, வேட்டியை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றியது. டீ வருவதற்குள் சொல்லாவிட்டால் இனிச் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சீப்பை எடுத்து மேசையில் வைத்தேன். "இது நீலத்து மயிர் மிஸ். நான் நீலத்துக்கும் தேச்சேன்."

மிஸ் கையை விட்டார். சீப்பை விளக்குப் பக்கமாகத் திருப்பினார். பிறகு அவருடைய குரல் மாறியது. பழைய மடுவத்துக் குரல், கொப்பிக் குரல்.

"எப்ப இருந்து?"

"மஞ்சள் முந்துதுன்னு நீங்க சந்தோசப்பட்டீங்களே, அதுக்கு அடுத்த நாள்ல இருந்து."

"எது எதுக்கு? ரெண்டுக்கு?"

"ரெண்டுன்னா தெரியாது மிஸ். பேச்சிக்கு."

"காது கிழிஞ்சது, நாலு?"

"அது மூக்காயி. அதுக்கும்."

"ஏழு?"

"கொம்பு வளைஞ்சவளா? அவளுக்கும்."

இப்படியே ஆறையும் கேட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்கு இலக்கம் மறக்கவில்லை, எனக்குப் பேர் மறக்கவில்லை. ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். "எல்லாத்துக்குமா?" என்று கடைசியில் கேட்டார். "எல்லாத்துக்கும் மிஸ்."

அவர் கறுப்புத் துணிக் கட்டு ஒன்றை இழுத்து மேசையில் விரித்தார். சீப்பின் பற்களிலிருந்து மயிரை ஒவ்வொன்றாக எடுத்து, கறுப்பின் மேல் நேராக நீட்டி வைத்தார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தார். துணி வெட்டுகிற டேப்பில் அத்தனை சின்ன அளவு சரியாகத் தெரியாது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அது மினுங்கியது. "எழும்பியிருக்கு," என்றார். என்னிடம் சொல்லவில்லை, அதனிடம் சொன்னார். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"இப்ப இதை நான் யார்கிட்டச் சொல்றது ஆயம்மா?" என்று கேட்டார். "கொப்பி எல்லாம் எரிச்சுட்டேன். ஆடும் இல்ல." பிறகு, ரொம்ப மெதுவாக, "அன்னைக்கு நான் கேட்டேன்தானே?"

"கேட்டீங்க மிஸ்."

அவர் கறுப்புத் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பெண் பிள்ளையோடு வந்து வெள்ளைக் கவுன் துணி கேட்டாள். மிஸ் எழுந்துபோய் அளந்து, கத்தரிக்கோலால் ஒரே ஓட்டமாக வெட்டி, மடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கறுப்புத் துணியில் இருந்த மயிரையெல்லாம் பொறுக்கி, இலக்கம் எழுதிய அந்தத் தாளிலேயே மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு வேட்டியைக் கட்டிக் கொடுத்தார். சீப்பை, துணியில் நான் சுற்றி வைத்திருந்த மாதிரியே சுற்றி, என் பைக்குள் வைத்தார். "பஸ் போயிரும், கவனமாப் போங்க," என்றார். மறுபடி வாங்க என்று சொல்லவில்லை.

சீப்பு இப்போது தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. மழை பிடிக்கிற நாட்களில் துருப் பிடித்திருக்குமோ என்று எடுத்துப் பார்ப்பேன். பற்களுக்கு நடுவே ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிறது. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு எடுத்துத் தடவி, துடைத்து, மறுபடி சுற்றி வைக்கிறேன். அதற்குப் பிறகு, பழக்கத்தில், எழுந்துபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுகிறேன்.